ரெண்டு துறை சேர்ந்து விதை நிதிக்கு எழுதப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ தன் கையிலிருந்தே ஆசிரியர்களுக்குக் கொடுக்கிற ஆய்வுப் பணத்தைத்தான் சீட் மணி, விதை நிதி என்கிறோம். டெல்லிக்கு எழுதிப் போட்டுவிட்டு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், உள்ளுக்குள்ளேயே ஒரு குழு உட்கார்ந்து முடிவு சொல்லிவிடும். தொகை சின்னது, காலமும் ஒரு வருஷம், மிஞ்சிப் போனால் ரெண்டு. கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் போடுகிற தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில், மூன்றாவது அளவுகோலில் 'உங்கள் ஆசிரியர்களுக்கு விதை நிதி எவ்வளவு கொடுத்தீர்கள்' என்று தனியாகவே ஒரு கேள்வி இருக்கிறது, அதனால் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் நிர்வாகத்துக்கும் உண்டு. சர்க்குலரில் 'ரெண்டு துறை சேர்ந்து வந்தால் முன்னுரிமை' என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அந்த வரியைப் பார்த்ததும்தான் நம்ம ஆட்கள் கூட்டாளி தேடக் கிளம்புகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

"சார், உங்க பேரையும் போட்டுக்கிடுதேன், மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்." இந்த ஒரு வாக்கியத்தில் பிறந்த ப்ரொபோசல்கள் எத்தனையோ. பொறவு யாரும் எதையும் பார்ப்பதில்லை. வேதியியல்காரர் தன் வேலையைத் தன் லேபில் செய்வார், பொருளாதாரத்துக்காரர் ஒரு கேள்வித்தாளை நாலு ஊரில் கொடுத்து வாங்குவார், கடைசியில் ரெண்டு அறிக்கையையும் ஒரே ஸ்பைரல் பைண்டிங்கில் போட்டுக் கொடுப்பார்கள். பணம் வீணாகாது, சரி. ஆனால் அந்தப் பணம் எதற்கு வந்ததோ அது நடக்கவில்லை.

ஆகவே கூட்டாளியைத் தேடும் முன் கேள்வியைத் தேடுங்கள். நல்ல கூட்டுக் கேள்வியா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை போதும்: ப்ரொபோசலிலிருந்து ஒரு ஆளை எடுத்துவிடுங்கள், மிச்சம் இருக்கிற கேள்வி நிற்கிறதா? நின்றால் அது ஒரு துறையின் வேலை, இன்னொருவர் பெயர் வெறும் ஒப்புக்கு. விழுந்துவிட்டால்தான் கூட்டு. சிவகளையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். முதுமக்கள் தாழிக்குள் இருந்து நெல்மணியை எடுத்தது மாநிலத் தொல்லியல் துறை, அதன் வயது கி.மு. 1155 என்று சொன்னது கரிமப் பகுப்பாய்வுக் கூடம். தாழியைத் தோண்டத் தெரியாத கூடத்துக்கு அந்த நெல் கிடைத்திருக்காது. கூடம் இல்லாமல் தோண்டியவர்களுக்கு அது பழைய நெல் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. விதை நிதியில் அவ்வளவு பெரிய வேலை நடக்காதுதான், ஆனால் அமைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் விழுகிற தாமிரபரணி ஆறு ஒரே மாவட்ட எல்லைக்குள் முடிந்துவிடாவிட்டாலும், மலை, நெல்வயல், பேட்டை ஆலைகள், நகரச் சாக்கடை, மருதூர் அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம், வாழைத்தோட்டம், உப்பளம் என்று ஒரு நாள் பஸ் பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆட்களுக்கும் பஞ்சமில்லை. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அதற்கே ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் மையம், ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, கொஞ்ச தூரத்திலேயே மருத்துவக் கல்லூரி. கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி, அம்பாசமுத்திரத்தில் ஏ.எஸ்.டி. நெல் ரகங்களைக் கொடுத்த நெல் ஆராய்ச்சி நிலையம், கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம். இத்தனையும் பக்கத்தில் இருந்தும் பக்கத்து பிளாக்கில் யார் என்ன செய்கிறார் என்று தெரியாமல்தான் நாம் பென்ஷன் வாங்கப் போகிறோம்.

ஒன்று கவனியுங்கள். உள் நிதி என்பதால் வெளி நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க விதி பெரும்பாலும் இடம் தராது. வெளியாளை 'கொலாபரேட்டர்' என்று சேர்க்கலாம், அவர் வசதியைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம், ஆனால் பி.ஐ. (முதன்மை ஆய்வாளர்), கோ-பி.ஐ. (இணை ஆய்வாளர்) ரெண்டு பேரும் உள்ளுக்குள் சம்பளம் வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும். அதிலும் உங்கள் நிறுவனத்தில் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாமா கூடாதா என்று சர்க்குலரில் தெளிவாக இல்லை என்றால், போட்டுவிட்டு உதை வாங்குவதை விட ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பத்தமடைப் பாயை வைத்து ஒரு கணக்கு

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் பிடிபடாது, ஒரு உதாரணத்தை எடுத்துக் கடைசி வரை போய்விடலாம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடை. புவிசார் குறியீடு வாங்கின பாய். கோரையைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நார் நாராகக் கீறி, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். இதில் பட்டுப்பாய் என்கிற நயமான ரகத்துக்கு நார் மெலிசாகவும் இருக்க வேண்டும், அறுந்தும் போகக்கூடாது. இப்போது கேள்வி: ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் ஊறின கோரைக்கும், வீட்டுத் தொட்டியில் போர்வெல் தண்ணீரில் ஊறின கோரைக்கும் நாரின் பலத்திலும் சாயம் பிடிப்பதிலும் வித்தியாசம் உண்டா? உண்டு என்றால் அது நெய்கிறவர் கைக்கு வருகிற கூலியில் தெரிகிறதா?

முதல் பாதியை வேதியியல்காரரோ தாவரவியல்காரரோ செய்யலாம். ரெண்டாவது பாதிக்குப் பொருளாதாரமோ சமூகவியலோ வேண்டும். வேதியியல்காரர் மட்டும் இருந்தால் எந்த வீட்டில் எந்தத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், எத்தனை நார் கழிவாகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது, அவர் கடையில் ஒரு கட்டுக் கோரை வாங்கி லேபில் பக்கெட்டில் ஊறப்போடுவார். பொருளாதாரத்துக்காரர் மட்டும் இருந்தால் "தண்ணி முன்ன மாதிரி இல்ல சார்" என்று நெய்கிற அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடுவார். தண்ணீரில் என்ன மாறியது, உப்பா, கடினத்தன்மையா, என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஒருவரை எடுத்தால் கேள்வி விழுகிறது. இதுதான் வேண்டும்.

சரி, கேள்வியைப் பணத்துக்குத் தக்கபடி வெட்ட வேண்டும். ஒன்றரை லட்சம், ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். 'தாமிரபரணிப் படுகையின் கோரைத் தொழிலும் நீர்த்தரமும்' என்று எழுதினால் குழு உங்களைத் திருப்பி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். ஒரே ஊர், ரெண்டு வகைத் தண்ணீர், ஒரே அறுவடைக் கோரை, இருபது வீடு. அவ்வளவுதான். 'இருபது போதுமா?' என்று ஒருவர் கேட்பார். இது முன்னோட்டம், வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கிற அளவு, இருந்தால் பெரிய நிதிக்கு எத்தனை வீடு வேண்டும் என்று இதை வைத்துத்தான் கணக்கிடுவோம் என்று பதில் சொல்லுங்கள். அந்தப் பதில் ப்ரொபோசலிலேயே எழுதியிருந்தால் கேள்வியே வராது.

அடுத்தது அளக்கிற கருவி. நாரின் பலம் என்றதும் எல்லாரும் சொல்வது, "என்ஜினியரிங் காலேஜ்ல யு.டி.எம். இருக்கே, அங்க போய் இழுத்துப் பாத்துக்கிடலாம்." போய்ப் பார்த்தால் அது கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் வைத்திருக்கிற நாற்பது டன், நூறு டன் மெஷின். அதில் ஒரு கோரை நாரை மாட்டினால் மெஷினுக்கு ஏதோ மாட்டியிருக்கிறது என்பதே தெரியாது. நியூட்டன் கணக்கில் அளக்கிற சின்ன லோட் செல் உள்ள மெஷின் வேண்டும், ஜவுளி அல்லது பாலிமர் பக்கம் கேட்க வேண்டும், பிடியில் நார் நசுங்கி அறுந்துவிடாமல் ரெண்டு முனையிலும் அட்டை ஒட்டி மாட்ட வேண்டும். இப்படி ஒரு பத்தி உங்கள் ப்ரொபோசலில் இருந்தால் குழுவில் உட்கார்ந்திருக்கிற இயற்பியல்காரர் நிமிர்ந்து உட்காருவார். பத்துப் பக்கம் முந்தைய ஆய்வுகளின் மீளாய்வு எழுதுவதை விட இந்த ஒரு பத்தி உங்களுக்கு அதிக மார்க் வாங்கிக் கொடுக்கும், என் அனுபவத்தில் குழுக்கள் மீளாய்வைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேட ஐ-ஸ்டெம் போர்ட்டல் இருக்கிறது, நாடு முழுக்க நிறுவனங்கள் தங்கள் கருவிகளைப் பதிந்து வைத்திருக்கிற இடம். எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) மாதிரியான படங்களுக்கு நம்ம பக்கத்து ஆட்கள் கொச்சிப் பல்கலைக்கழகமான குசாட் வளாகத்தில் இருக்கிற ஸ்டிக், சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிற சைஃப் என்கிற பொதுக் கருவி மையங்களுக்கு அனுப்புவது உண்டு. ஒரு மாதிரிக்கு எவ்வளவு, கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை உண்டா, வரிசையில் எத்தனை வாரம் என்று எழுதும் முன்பே மெயில் போட்டு வாங்கிவிடுங்கள். அந்த மெயிலையே இணைப்பாகப் போடலாம்.

பட்ஜெட்

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்த ஒன்றரை லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: ரசாயனம், சாயம், கண்ணாடிச் சாமான்களுக்கு 30,000, நார் இழுவைச் சோதனைக் கட்டணம் 25,000, வெளி ஆய்வகப் பகுப்பாய்வு 22,000, ஐந்து மாசத்துக்குப் பகுதிநேர உதவியாளர் மாசம் 6,000 வீதம் 30,000, பயணம் 20,000, நெய்கிறவர்களின் நேரத்துக்கு ஈடாக 18,000, எழுதுபொருள், தபால், சில்லறைக்கு 5,000. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். கூட்டல் தப்பாக இருந்தே திருப்பி அனுப்பப்பட்ட ப்ரொபோசல்கள் உண்டு, சிரிக்காதீர்கள்.

இதில் லேப்டாப் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சின்னத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை லேப்டாப்புக்கும் பிரிண்டருக்கும் எழுதினால் குழுவுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும், அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. கருவி ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அது எந்தத் துறையின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும், எந்த அறையில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்று மூன்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒரு இடத்தில் கூட்டு நிதியில் வாங்கின ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒரு துறைத் தலைவரின் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்ததும், இன்னொரு துறை ஸ்காலர் ஒவ்வொரு தடவையும் லெட்டர் எழுதி, ஃபார்வர்டு வாங்கி, அதற்குள் மாதிரி கெட்டுப்போனதும் எனக்குத் தெரியும்.

ஜி.எஸ்.டி.யை மறந்துவிடாதீர்கள். ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள் 5 சதவீத வரியில் கிடைத்துக்கொண்டிருந்த காலம் 2022 ஜூலை 18உடன் முடிந்துவிட்டது. இன்னும் சீனியர்கள் சிலர் அந்தப் பழைய நினைப்பில் "அஞ்சு பர்சன்ட் போட்டாப் போதும்" என்பார்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம். கொட்டேஷனில் 'வரி தனி' என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும், அதையும் சேர்த்த தொகைதான் உங்கள் பட்ஜெட்டில் வர வேண்டும்.

மூன்று கொட்டேஷன் என்பதும் வெறும் சடங்கு என்று நினைத்து ஒரே கடைக்காரரிடம் மூன்று லெட்டர்பேடில் வாங்குகிறவர்கள் உண்டு. மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்து மாட்டிக்கொள்வார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒன்று, மதுரையில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று என்று உண்மையாகவே கேளுங்கள், விலை வித்தியாசத்தைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். எந்தத் தொகை வரை நேரடியாக வாங்கலாம், எதற்கு மேல் பர்ச்சேஸ் கமிட்டி, எதற்கு மேல் டெண்டர் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மேலே விதி மாறினால் இங்கேயும் மாறும். ஆகவே நிதிப் பிரிவில் அந்த சீட்டில் இருக்கிறவரைப் போய்ப் பார்த்து, "அண்ணாச்சி, இந்த ஹெட்டுல இது வருமா?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அவரை முன்கூட்டியே பார்த்தவருக்கும் பில்லோடு போய் நிற்கிறவருக்கும் கிடைக்கிற மரியாதையே வேறு.

நெய்கிறவர்களுக்கு 18,000 என்று எழுதியிருக்கிறேனே, அதை வெட்டச் சொல்வார்கள். வெட்ட விடாதீர்கள். அரை நாள் நம்மோடு உட்கார்ந்து பேசினால் அவருக்கு அரை நாள் நெசவு போகிறது. நமக்கு அது தரவு, அவருக்கு அது கூலி. பீடி சுற்றுகிறவர்களிடம் போனாலும், உப்பளத்துக்குப் போனாலும் இதே கதைதான். இருபது வீடு, ஒரு வீட்டுக்கு மூன்று தடவை, ஒரு தடவைக்கு 300 ரூபாய், இப்படிக் கணக்கோடு எழுதினால் ஒத்துக்கொள்வார்கள். 'இதரம்' என்று மொத்தமாக எழுதினால் போய்விடும். பணம் கொடுக்கும்போது பெயர், தேதி, தொகை, கையெழுத்து அல்லது கைநாட்டுடன் வவுச்சர். 5,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் சட்டப்படி ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் தேவை, ஆனால் சில செக்‌ஷனில் 300 ரூபாய் வவுச்சருக்கும் கேட்பார்கள். சண்டை போடாமல் ஒட்டிவிடுங்கள், இருபது வீட்டுக்கும் சேர்த்தே அறுபது ரூபாய்தான் ஆகும்.

காலக் கணக்கு

நிதி அனுமதிக் கடிதம் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆகஸ்டில் ப்ரொபோசல் கொடுத்தால் கடிதம் கையில் வரும்போது ஐப்பசி மழை ஆரம்பித்திருக்கும், பிறகு செமஸ்டர் தேர்வு, பேப்பர் திருத்தல், அப்புறம் பொங்கல். தலையைத் தூக்கிப் பார்த்தால் மார்ச் 31. உங்கள் நிறுவனத்தில் பணம் நிதியாண்டோடு காலாவதியாகுமா, அடுத்த வருஷத்துக்கு எடுத்துப் போகலாமா என்பதை முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காலாவதியாகும் என்றால் வாங்க வேண்டிய சாமான்களையும் வெளி ஆய்வகக் கட்டணத்தையும் ஜனவரிக்குள் முடித்துவிட வேண்டும், பயணத்தையும் கூலியையும் மட்டும் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

கள வேலையும் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. ஆற்றுத் தண்ணீரை டிசம்பரில் மட்டும் எடுத்துவிட்டு 'தாமிரபரணி நீரின் தரம்' என்று எழுதக்கூடாது, வைகாசியில் ஆறு இருக்கிற இருப்பு வேறு. பிசான நெல் பருவத்தில் வயல் வேலைக்குப் போய்விட்டால் நீங்கள் தேடிப் போகிற ஆள் வீட்டில் இருக்க மாட்டார். ரம்ஜான் மாசத்தில் பத்தமடையிலோ மேலப்பாளையத்திலோ மதியம் போய் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்பது நாகரிகமும் இல்லை. இதையெல்லாம் காலாண்டு அட்டவணையில் எழுதினால், இவர்களுக்கு ஊர் தெரியும் என்று குழுவுக்குப் புரியும்.

ஒரு வார்த்தை, அடிப்படை அளவீடுகளைப் பற்றி. 2023 டிசம்பர் 17, 18இல் வந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கிட்டே கொட்டியது, ஆறு கரை புரண்டது. வெள்ளத்துக்குப் பிறகு மண், நீர், மீன், மனிதர் எல்லாவற்றிலும் என்ன மாறியது என்று கேட்க ஆளுக்கு ஆள் ஆசைப்பட்டோம். முன்னால் அளந்து வைத்திருந்தால்தானே பின்னால் ஒப்பிட முடியும். இப்படிச் சத்தமில்லாமல் ஒரு வருஷம் அளந்து வைக்கிற வேலைக்கு வெளி நிதி கிடைப்பது கஷ்டம், விதை நிதிதான் அதற்குப் பொருத்தம். கேள்வி ஒன்றும் தோன்றவில்லை என்றால் இந்தப் பக்கம் யோசியுங்கள்.

அனுமதிகளில் காட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே செடி பறிக்கவோ தண்ணீர் எடுக்கவோ வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும், அது வருவதற்குள் உங்கள் ஒரு வருஷம் முடிந்தாலும் முடிந்துவிடும். அங்கே வாழ்கிற காணிப் பழங்குடி மக்களிடம் மூலிகை அறிவு கேட்கிற திட்டம் என்றால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டமும் கூடவே வரும். விதை நிதிக்கு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மனிதர்களிடம் தகவலோ ரத்தமோ எடுப்பதென்றால் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், ப்ரொபோசலோடு அந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள், நிதி வந்தபிறகு கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள்.

கூட்டாளிகளுக்குள் ஒரு பக்கம்

இதை எந்தச் சர்க்குலரும் கேட்காது, நீங்களாகச் செய்ய வேண்டியது. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். யார் பி.ஐ., கட்டுரை எத்தனை, எந்தக் கட்டுரைக்கு யார் முதல் பெயர், தரவு யாரிடம் இருக்கும், நடுவில் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் என்ன. நட்பாகத்தானே இருக்கிறோம், இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நட்பாக இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.

அதில் மிக முக்கியமானது ஸ்காலர் விஷயம். உழைக்கப் போவது பெரும்பாலும் ஒரு பி.எச்டி. மாணவிதான், அவர் ஒருவரின் கைடன்ஸில் இருப்பார். இன்னொரு துறைக்கான வேலையையும் அவர் தலையில் கட்டினால் அது அவர் ஆய்வேட்டில் வருமா? வராது என்றால் அவர் எதற்கு அதைச் செய்ய வேண்டும்? பத்தமடை உதாரணத்தில் வேதியியல் ஸ்காலர் இருபது வீட்டு நேர்காணலையும் செய்தால், நேர்காணல் தரவு அவர் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயமாகலாமா, அதை இன்னொரு கைடு ஒத்துக்கொள்வாரா? இதை முதலில் பேசாமல் விட்டு மூன்றாவது வருஷம் பேச ஆரம்பித்தால் அழுவது அந்தப் பிள்ளைதான். கட்டுரையில் அவர் பெயர் உண்டு, எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.

துறைத்தலைவர் பெயரை மரியாதைக்குச் சேர்க்கிற வழக்கம் பற்றிக் கேட்பீர்கள். சேர்க்காமல் இருக்க முடிந்தால் நல்லது. முடியாத இடங்கள் உண்டு, எனக்கும் தெரியும். அப்படியானால் அவருக்கு ஒரு நிஜ வேலையைக் கொடுங்கள்: பத்தமடை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசுவது, கருவி நேரம் ஒதுக்கித் தருவது, அறிக்கையைப் படித்துத் திருத்துவது. வேலை எழுதப்பட்டிருந்தால் சிலர் தாங்களாகவே "வேண்டாம்மா, நீங்களே பண்ணுங்க" என்று விலகிவிடுவார்கள்.

குழு முன்னால் பத்து நிமிஷம்

ஸ்லைடு ஆறு போதும். முதல் ஸ்லைடில் கேள்வி, ரெண்டாவதில் யாரை எடுத்தால் எது விழும், மூன்றாவது நாலாவதில் முறை, அடுத்து பணமும் காலமும், கடைசியில் இது முடிந்தபின் எந்த வெளி நிதிக்கு எழுதப் போகிறீர்கள். ரெண்டு பேரும் பேசுங்கள். ஒருவரே எல்லாம் பேசி இன்னொருவர் பேனாவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உங்கள் கூட்டு எப்படிப்பட்டது என்று குழுவுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டாம். இன்னும் ஒன்று செய்யலாம்: வேதியியல் கேள்வி வந்தால் பொருளாதாரத்துக்காரர் முதலில் பதில் சொல்ல ஆரம்பிக்கட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, மற்றவர் திருத்துவார். அந்த அளவுக்கு ஒருவர் வேலையை ஒருவர் படித்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

ஆங்கிலத்தில் எழுதினதைத் தமிழில் விளக்கத் தயங்காதீர்கள். குழுவில் தமிழ்த்துறை, வணிகவியல் ஆட்களும் இருப்பார்கள். 'நாரைக் கீறும்போது எத்தனை அறுந்து போகிறது என்று எண்ணப் போகிறோம்' என்றால் எல்லாருக்கும் புரியும்.

முடிக்கும்போது

பணம் முடிந்ததும் செலவு அறிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ், ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்க எண்ணோடு பில்கள், மிச்சப் பணம் திருப்பிக் கட்டின ரசீது. அட்வான்ஸ் எடுத்திருந்தால் உடனே செட்டில் பண்ணிவிடுங்கள், ஓய்வு பெறுகிற வருஷம் பாக்கி இல்லை என்கிற நோ-டியூஸ் சான்று வாங்கப் போகும்போது பழைய அட்வான்ஸ் ஒன்று எழுந்து நிற்கும். தரவு, புகைப்படம், கேள்வித்தாள், ஆய்வக நோட்டு எல்லாவற்றையும் ரெண்டு துறையிலும் நகல் வையுங்கள். பத்தமடைக்காரர்களுக்கு முடிவை ஒரு பக்கம் தமிழில் எழுதிப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். தொட்டித் தண்ணீரில் நார் பலம் குறைகிறது என்று தெரிந்தால் அது முதலில் தெரிய வேண்டியது அவர்களுக்குத்தான்.

பிறகு வெளி நிதி. அறிவியல் பக்கம் முன்பு செர்ப் என்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியம் இருந்தது, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. சமூக அறிவியல் கை ஓங்கின திட்டம் என்றால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம்), மாநில அளவில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம். எங்கே போனாலும் 'முன்னோட்டத் தரவு இருக்கிறதா' என்று கேட்பார்கள். இருபது வீட்டு அட்டவணையும் நார் அறுந்த வரைபடமும் அங்கேதான் உதவும். ஆகவே விதை நிதி அறிக்கையை எழுதும்போதே அடுத்த விண்ணப்பத்தின் படிவத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், பாதி வேலை மிச்சம்.

கிடைக்கவில்லை என்றால் குழுவின் கருத்தை எழுத்தில் கேளுங்கள், கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பணம் அதிகம் என்று சொல்லியிருந்தால் இழுவைச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு இருபது வீட்டைப் பத்தாக்குங்கள். கூட்டு தெளிவாக இல்லை என்று சொல்லியிருந்தால் எடுத்துவிட்டுப் பார்க்கிற சோதனையை மறுபடி செய்யுங்கள். அடுத்த சர்க்குலர் வரும்போது அதே ஃபைலை எடுத்துக் கொடுக்கலாம், கொட்டேஷனை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், பழையது செல்லாது.